பெயர்ப்பலகைப் புலவர்

கொரிய மொழியின் எழுத்துமுறையாகிய ஹங்குலை அண்மையில் கற்று முடித்து, அம்மொழியை மட்டும் இன்னும் கற்காத அயல்நாட்டவரைச் சியோல் நகரின் எந்தக் கடைத்தெருவிலும் எளிதில் அடையாளம் காணலாம். தலை நிமிர்ந்திருக்கும், உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும், கால்கள் பலகைக்குப் பலகை தாமாகவே நின்றுவிடும். இவ்வகையினரைப் பெயர்ப்பலகைப் புலவர் என அழைப்பதே பொருந்தும். ஏனெனில் மருந்துக்கடை, முடிதிருத்தகம், பல் மருத்துவமனை என எதையும் அவர் எழுத்துக்கூட்டி வாசிக்காமல் விடுவதில்லை, வாசித்தவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொருள் அறிய முயல்வதுமில்லை.

இந்தப் பெருமிதத்துக்குப் புலவரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. ஜோசோன் அரசமரபின் நான்காம் மன்னரான செஜோங் 1443-இல் உருவாக்கிய இவ்வெழுத்துகள் 1446-இல் வெளியிடப்பட்டபோது, உடன்வந்த விளக்கநூலின் பின்னுரையை எழுதிய ஜொங் இன்ஜி என்ற அறிஞர், கூர்மதி படைத்தவர் ஒரு காலைப்பொழுதிலும் மந்தமதியினர் பத்து நாளிலும் இவற்றைக் கற்றுவிடலாம் என்ற கருத்தை அதில் பதிந்து வைத்தார். அன்றுமுதல் ஹங்குல் கற்போர் இரு வகுப்பினராயினர் என்றாலும், நடைமுறையில் புலவர் அனைவரும் தம்மைக் காலைப்பொழுதுக்காரர் என்றே அறிமுகம் செய்துகொள்வதால், பத்துநாள்காரர் என ஒருவர் இருப்பதற்கான சான்று இதுவரை கிடைக்கவில்லை.

எழுத்துகள் எளியவை என்பதில் ஐயமில்லை. அடிப்படை மெய்கள் 14, உயிர்கள் 10. மெய்களின் வடிவங்களோ வாயின் நிலையைப் பார்த்தே வரையப்பட்டவை. ககரத்தைக் குறிக்கும் கோணம் நாவின் அடிப்பகுதி தொண்டையை அடைப்பதையும், மகரத்தைக் குறிக்கும் சதுரம் வாயையும் காட்டுகின்றன. இவ்வரலாற்றைப் புலவர் உணவகத்தில் எதிரே அமர்ந்திருக்கும் கொரியருக்கே விளக்குவார். பிள்ளைப் பருவத்திலேயே இதையெல்லாம் படித்துவிட்ட அம்மனிதர் மரியாதைக்காகத் தலையசைப்பதை வியப்பின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, விளக்கத்தை மேலும் நீட்டுவார். எழுத்துகள் வரிசையாக நிற்காமல் ஓர் அசைக்கு ஒரு கட்டமாக அடுக்கப்படும் என்பதும், உயிரொலியில் தொடங்கும் அசையின் தலைப்பில் ஒலியே இல்லாத ஒரு வட்டம் இடம்பிடித்து நிற்க, அதே வட்டம் அசையின் அடியில் அமரும்போது 'ங்' என ஒலிக்கும் என்பதும் அவ்விளக்கத்தில் தவறாமல் இடம்பெறும். முன்வரிசையில் சும்மா நின்று, கடைசி வரிசையில் மட்டும் வேலை செய்யும் இவ்வட்டத்தின் இயல்பு அலுவலகப் பணியில் இருந்தோர்க்குப் புதிதன்று.

புலவரின் ஆராய்ச்சி முடிவுகள் தனிச்சிறப்புடையவை. 'அ-இ-சு-கு-ரிம்' என ஐந்து கட்டங்களை வியர்க்க விறுவிறுக்கக் கூட்டி வாசித்து, தொல்கொரியச் சொல் ஒன்றைக் கண்டெடுத்ததாக மகிழ்ந்து கடைக்குள் நுழைந்தால், அங்கே ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருப்பார்கள். நம்சான், புகான்சான் ஆகிய மலைகளின் பெயரால் 'சான்' என்பது மலையைக் குறிக்கும் என அறிந்துகொண்டவர், தெருவுக்குத் தெரு 'புதோங்சான்' என்ற பலகை தொங்குவதைக் கண்டு, இத்தனை புகழ்பெற்ற மலையை வழிகாட்டி நூல்கள் எவ்வாறு தவறவிட்டன என வருந்துவார். அது வீடு, மனை வாங்கி விற்க உதவும் தரகு அலுவலகம் என்பதை அவரிடம் சொல்ல எவருக்கும் மனம் வருவதில்லை.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட புலவருக்கு ஒரு சலுகை உண்டு. கடல், தங்கம் ஆகிய சொற்களில் ககரம் இடத்துக்கேற்ப ஒலி மாறுவதுபோலவே கொரியத்தின் இயல்பான வல்லின எழுத்தும் மாறுவதால், பிறர் ஓர் எழுத்துக்கு எப்படி இரண்டு ஒலி இருக்கலாம் என வழக்காடும் வேளையில் இவர் அமைதியாகக் கடந்துவிடுவார். ஆனால் கொரியத்தில் இயல்பாகவும், மூச்சைத் தள்ளியும், தொண்டையை இறுக்கியும் ஒலிக்கும் மூன்று தகரங்கள் உள்ளன. 'தல்' என்ற ஒன்றையே இம்மூன்று வகையில் ஒலித்தால் முறையே நிலா, முகமூடி, மகள் எனப் பொருள்படும். நிலாவின் அழகைப் புகழத் தொடங்கி, வீட்டுக்காரரின் மகளைப் புகழ்ந்து முடித்த புலவர் வேறு வாடகை வீடு தேடவும் நேரலாம்.

இலக்கணம் கற்க வேண்டாமா என்று கேட்டால், வாசிக்கத்தான் தெரிந்துவிட்டதே என்பது அவர் விடை. 1444-இல் இவ்வெழுத்துகளை எதிர்த்து மன்னருக்கு விண்ணப்பம் எழுதிய சொயே மல்லி என்ற அறிஞர், எளிய எழுத்து கைக்கு வந்துவிட்டால் கடினமான கல்வியை எவர் நாடுவர் என அஞ்சினார். அவ்விண்ணப்பம் பிழையானது என்பதே வரலாற்றின் தீர்ப்பு என்றாலும், பெயர்ப்பலகைப் புலவரைப் பொறுத்தவரை மறுவிசாரணைக்கு இடமுண்டு.

சுரங்க ரயிலில்தான் அவருக்குச் சோதனை வாய்க்கிறது. தமிழில் கல்லும் மலையும் புணர்ந்தால் ஒலி மாறும். அம்மாற்றம் கன்மலை என எழுத்திலும் தெரியும். கொரியத்திலோ, 1933-இல் வகுக்கப்பட்ட எழுத்து விதிகள் சொல்லின் மூலவடிவைக் காப்பதில் கருத்தாக இருந்தமையால், ஒலி மட்டும் மாறும், எழுத்து மாறாது. ஆகவே புலவர் 'ஜோங்ரோ' என உரக்க வாசிக்கும் நிலையத்தை ஒலிபெருக்கி 'ஜோங்னோ' என்கிறது; 'வாங்சிப்ரி' என்றால் 'வாங்சிம்னி' என்கிறது; 'தொக்ரிப்முன்' என்றால் 'தோங்னிம்முன்' என்கிறது. ஒலிபெருக்கி பழுதாகியிருக்க வேண்டும் என்பது புலவரின் கருத்து. சியோல் செல்லும் வாசகர்கள் அவரைத் திருத்த முற்பட வேண்டாம். அடுத்த நிலையம் வருவதற்கு அதிக நேரமாகாது.