ஒருகலப் பாகம்: மாட்டுக் கொத்துக்கறி பாஸ்தாவை முன்வைத்து ஓர் ஆய்வு

அமெரிக்க வீடுகளில் வேலை நாள் மாலை ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் நடப்பவற்றை ஆய்வுலகம் இதுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு பவுண்டு மாட்டுக் கொத்துக்கறி, ஒரு வெங்காயம், ஒரு டின் தக்காளி, முக்கால் பெட்டி பாஸ்தா எல்லாம் ஒரே பாத்திரத்துக்குள் போய், நான்கு பேருக்கு இரவுச் சாப்பாடாக வெளியே வருகின்றன. செய்தவரைக் கேட்டால் "ரொம்ப சுலபம்" என்கிறார். சுலபம் என்று எவர் எதைச் சொன்னாலும் அதில் ஒரு சிக்கலை உண்டாக்கிக் காட்டுவதே ஆய்வாளனுக்கு விதிக்கப்பட்ட தொழில். அத்தொழிலைக் குறைவின்றிச் செய்ய இக்கட்டுரை முயல்கிறது.

ஆய்வின் எல்லை அடுப்பில் தொடங்கிக் கழுவுதொட்டியில் முடிகிறது. சாப்பாட்டு மேசை எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே நடப்பது சமூகவியல் துறையின் பாடு. கலம் என்பது இங்கே அடிகனமான, மூடியுள்ள, ஐந்து லிட்டர் கொள்ளும் பாத்திரத்தைக் குறிக்கும். கருதுகோள் வருமாறு:

கலனொன் றாகிற் காலம் பலவே;
கலன்பல வாகிற் காலம் ஒன்றே.

இந்நூற்பாவை இயற்ற வேறு எவரும் முன்வராமையால் கட்டுரையாளரே இயற்றிக்கொண்டார். உரை: பாத்திரம் பல இருந்தால் எல்லா வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். ஓர் அடுப்பில் பாஸ்தா வேகும், பக்கத்து அடுப்பில் கறி வதங்கும். ஒன்று கெட்டாலும் மற்றது பிழைக்கும். பாத்திரம் ஒன்றாகிவிட்டால் எல்லாமே வரிசையில் நின்றாக வேண்டும். இடத்தால் பிரித்து வைத்திருந்ததைக் காலத்தால் பிரிக்க வேண்டிவருகிறது. அதோடு, முன்னே நிற்பது செய்த பிழையைப் பின்னே வருவதெல்லாம் சுமக்கவும் வேண்டும்.

மரபுப்படி ஆசிரியர் வரலாறு முதலில் வர வேண்டும். இங்கே அது சங்கடமானது. மக்ரோனி, மாட்டுக்கறி, தக்காளி மூன்றையும் சேர்த்துக் கிண்டும் பண்டம் அமெரிக்காவில் நெடுங்காலமாக உண்டு. நியூ இங்கிலாந்துக்காரர் அதை அமெரிக்கன் சாப் சூயி என்பர். மத்திய மேற்கில் அதுவே கூலாஷ். ஒஹாயோவில் சீஸ் தூவி ஓவனில் வைத்தால் ஜானி மார்செட்டி. சீனரும் ஹங்கேரியரும் இதில் தமக்குப் பங்கில்லை என்று கையெழுத்திட்டே கொடுப்பர். எனினும் இவற்றில் பலவற்றுக்கு மக்ரோனியைத் தனியே வேகவைத்து வடித்தாக வேண்டும். எல்லாம் ஒரே சட்டியில் என்ற கொள்கையைப் பெட்டியில் அடைத்து நாடெங்கும் கொண்டுபோனது, 1971இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் பரவலாக்கிய 'ஹாம்பர்கர் ஹெல்ப்பர்'. மாட்டுக்கறி விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பவுண்டு கறியை ஒரு குடும்பம் முழுவதற்கும் எட்டச் செய்யும் உபாயமாக, காய்ந்த பாஸ்தாவும் மசாலாப் பொடியும் பெட்டிக்குள் வந்தன; கறியும் தண்ணீரும் வீட்டார் பொறுப்பு. 1973 மார்ச்சில் அதிபர் நிக்சனே கறி விலைக்கு உச்சவரம்பு கட்டினார். ஏப்ரல் முதல் வாரத்தில் இல்லத்தரசிகள் திரண்டு கறிக்கடைகளைப் புறக்கணித்தார்கள். பெட்டிக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் அமைந்திருக்காது.

அந்தப் பெட்டியின் மேல் பொறித்திருந்த பெயர் பெட்டி குரோக்கர். அம்மையார் 1921இல் ஒரு மாவுக் கம்பெனியின் அலுவலகத்தில் பிறந்தார். வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதற்காக மினியாபொலிஸ் நகரத்து வாஷ்பர்ன் கிராஸ்பி கம்பெனி உண்டாக்கிய பெயர் அது. அப்படி ஒரு பெண்மணி இருந்ததேயில்லை. 1945இல் ஃபார்ச்சூன் இதழ், அமெரிக்காவின் பிரபலமான பெண்களில் எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்த இடத்தை அவருக்குக் கொடுத்தது. நூல் கிடைத்து ஆசிரியர் பெயர் கிடைக்காத நிலை தமிழாய்வாளருக்குப் பழகியதுதான். பெயரும் கையெழுத்தும் உருவப்படமும் கிடைத்து, ஆள் மட்டும் கிடைக்காத நிலைக்கு நம் பாடத்திட்டத்தில் பயிற்சி இல்லை.

பிற்காலத்தவருள் மார்த்தா ஸ்டூவர்ட்டின் இதழ் 2013இல் வெளியிட்ட ஒரே வாணலி பாஸ்தாவைக் குறிப்பிட வேண்டும். லிங்குவினி, தக்காளி, வெங்காயம், பூண்டு, துளசி வகை இலை, தண்ணீர் அனைத்தையும் ஒன்றாகப் போட்டு அடுப்பை மூட்டச் சொன்னது அது. தென் இத்தாலியின் பூலியா வட்டாரத்திலிருந்து வந்த யோசனை என்கிறார்கள். அதில் கறி இல்லை என்பதால் வரிசைச் சிக்கலும் இல்லை. நம் ஆய்வுக்கு அது எளிய பாடம்.

எதிர்த்தரப்பினர் இத்தாலியின் பொலோனியா நகரில் இருக்கிறார்கள். அவ்வூர்க் கறிக்குழம்பான ராகுவின் செய்முறையை 1982இல் வணிகச் சபையில் பதிவே செய்து வைத்துவிட்டார்கள். நம்மூரில் ராகுகாலம் ஒன்றரை மணி நேரம். அங்கே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்கும் பத்தாண்டு முன்பே, 1972இல், டாலியாடெல்லே பாஸ்தாவின் அகலம் வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்றும், அது ஊரிலுள்ள அசினெல்லி கோபுரத்து உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்றும் அதே சபையில் எழுதிவைத்தார்கள். கோபுரம் ஏறத்தாழ 97 மீட்டர். வகுத்துப் பார்த்தோம், ஒரு மயிரிழை குறைகிறது. கோபுரம் சற்றே சாய்ந்தது என்பதால் இதைப் பெரிதுபடுத்தவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் போய் பாஸ்தாவையும் கறியையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்தோம் என்று சொல்வது உசிதமல்ல.

இனி வரிசை. முதலில் கறி, இதில் விவாதத்துக்கே இடமில்லை. கறி பழுப்பேறும்போது வரும் மணத்துக்குக் காரணமான வினையை 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெயார் விவரித்தார். அது சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரி செல்சியஸ் போலச் சூடு வேண்டும். தண்ணீர் நிற்கும் பாத்திரமோ 100ஐத் தாண்டாது. ஆகவே தண்ணீர் வந்த பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் கறி வேகுமே தவிர பழுப்பேறாது. கொத்துக்கறி தானே நீர் விடும் சாதி என்பது இன்னொரு தொல்லை. பவுண்டு முழுவதையும் கொட்டிக் கிளறிக்கொண்டே இருந்தால் தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறத்தில் நிற்கும். நன்கு காய்ந்த பாத்திரத்தில் பரப்பிவிட்டு நாலைந்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். செய்முறை முழுவதிலும் கடினமான பகுதி இதுதான். கையில் கரண்டியோடு அடுப்பின் முன் நிற்பவர் சும்மா இருந்ததற்குச் சான்றில்லை.

பிறகு வெங்காயம், கடைசி ஒரு நிமிடம் பூண்டு, அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுது. விழுது கொழுப்பில் வதங்கி நிறம் கறுத்த பின்தான் திரவம் வரலாம். 400 கிராம் டின் தக்காளியும் 700 மில்லி பீஃப் பிராத்தும் உள்ளே போனதும், அடியில் பிடித்திருக்கும் பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைக்க வேண்டும். தனிச் சட்டியில் வதக்கியவர் பல நேரம் தேய்த்துக் கழுவி எறியும் பகுதி அது; இங்கே அதுவே ருசி. கொதி வந்ததும் 340 கிராம் பாஸ்தா. முதல் சில நிமிடங்கள் அதன் மேற்பரப்பு பசையாக இருக்கும். இரண்டு மூன்று முறை கிளறாவிட்டால் தனித்தனியாகப் போட்டது கட்சி சேர்ந்துவிடும். மூடி, தணலைக் குறைத்து, பன்னிரண்டு நிமிடம். பெட்டியில் அச்சிட்ட நேரத்தைவிடச் சற்றுக் கூடும். துருவிய செடார் சீஸ் அடுப்பை அணைத்த பிறகு. கொதியில் போட்டால் நெய் ஒருபக்கமும் ரப்பர் ஒருபக்கமுமாகப் பாகப்பிரிவினை நடக்கும்.

நீள ஸ்பாகெட்டியை உடைத்துப் போடலாமா என்ற கிளைக்கேள்வி உண்டு. உடைத்தால் அது இரண்டாக உடையாமல் மூன்று நான்காகச் சிதறும். இது ஏன் என்று இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் சமையலறையில் நின்று யோசித்தும் விடை காணவில்லை. 2005இல் இரண்டு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் காரணம் கண்டு, அடுத்த ஆண்டு இக் நோபல் பரிசும் வாங்கினார்கள். 2018இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று முறுக்கிவிட்டு மெல்ல வளைத்தால் சரியாக இரண்டாகும் என்று நிறுவினார்கள். ஒரு பவுண்டு ஸ்பாகெட்டியை ஒவ்வொன்றாக முறுக்க ஆள் கிடைக்கும்வரை, குட்டை வடிவங்களை வாங்குவதே மேல்.

வடித்தலுக்கு வருவோம். இத்தாலிய விதி 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. நம் 340 கிராமுக்கு அது 3.4 லிட்டர், 34 கிராம். வெந்ததும் தண்ணீரும் உப்பில் பெரும்பகுதியும் சாக்கடைக்கு. ஒருகலப் பாகத்தில் வடித்தலே இல்லை. பாஸ்தா தன் எடைக்குச் சற்றுக் கூடுதலான நீரைக் குடிக்கும், கொஞ்சம் ஆவியாகும், எஞ்சுவதில் மாவுச்சத்து கரைந்து கெட்டியாகி, குழம்பு பாஸ்தாவோடு ஒட்டும். கஞ்சியை வடித்து வேட்டிக்குப் போட்ட மக்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. மொடமொடப்புக்கும் வழவழப்புக்கும் காரணம் ஒரே பொருள்தான். கிளைவிதி ஒன்று: எதுவும் வெளியேறாத பாத்திரத்தில் உப்பும் வெளியேறாது. கடை பிராத்தில் உப்பு தாராளம், அது வற்ற வற்ற ஏறும். முதலிலேயே உப்புப் போட்டவருக்கு ஆய்வு எந்த உதவியும் செய்ய முடியாது.

மூடியின் பெருமைக்குச் சான்று வேண்டுவோர் ஜார்ஜோ பரிசியைப் பார்க்கலாம். 2021இல் இயற்பியல் நோபல் பெற்றவர். ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியிருந்த 2022இல், பாஸ்தாவைக் கொதிநீரில் போட்டு இரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்து மூடிவைத்தால் போதும் என்ற யோசனையை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். இத்தாலியச் சமையற்கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். சிக்கலான அமைப்புகள் பற்றிய ஆய்வுக்கு நோபல் பெற்றவரே சமையலறைக்கு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டார் என்றால் களத்தின் கடுமையை உணரலாம்.

இனி இப்பாகத்தின் மூலக் கோரிக்கையைச் சோதிப்போம்: பாத்திரம் ஒன்றுதானா? கத்தி, பலகை, அளவுக் குவளை, மரக்கரண்டி, துருவி, டின் திறப்பான் ஆகியவை கருவிகளே, கலங்கள் அல்ல என்று ஒருகல வாதிகள் வாதிடுவர். ஒப்புக்கொள்வோம். ஆனால் கொழுப்பு? நூற்றுக்கு இருபது பங்கு கொழுப்புள்ள கொத்துக்கறியை வதக்கினால் அடியில் தேங்கும் நெய்யில் பாதியையாவது வடிக்க வேண்டும். கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைக்கும். அமெரிக்க வழக்கப்படி காலி டின்னில் ஊற்றி, ஆறவைத்து, குப்பையில் போட வேண்டும். தக்காளி டின் இருக்கிறதே என்று கை நீளும். அங்கேதான் நூற்பா தன் வேலையைக் காட்டுகிறது. கொழுப்பு வடிக்கும் நேரத்தில் டின் நிறையத் தக்காளி இருக்கிறது. தக்காளி பாத்திரத்துக்குள் போய் டின் காலியாகும் நேரத்தில் வடிக்கக் கொழுப்பு இல்லை. ஆகவே இன்றைய பாஸ்தாவுக்கு முந்தைய பாஸ்தாவின் டின் தேவை. முதன்முதலாகச் செய்பவர் என்ன செய்வார் என்பது முட்டை, கோழி பற்றிய நூல்களில் தேடத்தக்கது.

மிச்சக் கணக்கும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்தாப் பெட்டி பெரும்பாலும் 16 அவுன்ஸ், செலவு 12. ஒவ்வொரு முறையும் நான்கு அவுன்ஸ் அலமாரியில் தங்கும். நான்கு மிச்சம் சேர்ந்தால் ஒரு பெட்டி. ஆனால் நான்கும் நான்கு வடிவம், நான்கும் வேகும் நேரம் வேறு. நேப்பிள்ஸ்காரர்கள் இப்படிச் சேர்ந்ததையெல்லாம் கலந்து உருளைக்கிழங்கோடு வேகவைத்து, அதற்கு பாஸ்தா மிஸ்தா என்று பெயரும் வைத்து, இப்போது கடையில் கலந்தே விற்கிறார்கள். வறுமையைப் பலகாரமாக்க அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாகக் கழுவுதல். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு இல்லினாய் மாநிலத்து ஜோசஃபின் கோக்ரன் 1886இல் காப்புரிமை பெற்றார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பலர் கண்ணிலும் பட்டது. இயந்திரம் பிறந்த நாட்டில் ஒரு பாத்திரமா ஐந்து பாத்திரமா என்பது ஏன் பிரச்சினையாக வேண்டும் என்று கேட்கலாம். இப்பாகத்துக்கு உகந்த அடிகனமான இரும்புப் பாத்திரம் எனாமல் பூசியதானாலும் அதைக் கையால் கழுவுவதே நல்லது என்கிறார்கள் அதைத் தயாரிப்பவர்கள். வெறும் இரும்பு என்றால் இயந்திரத்தில் துருவே பிடிக்கும். ஐந்து பாத்திரச் சமையலில் ஐந்தும் இயந்திரத்துக்குள் போகும். ஒற்றைப் பாத்திரச் சமையலில் அந்த ஒற்றை மட்டும் வெளியே நிற்கும், அடியில் சீஸோடு.

யார் கழுவுவது? பல அமெரிக்க வீடுகளில் வழங்கும் நியாயம்: சமைத்தவர் கழுவ வேண்டியதில்லை. இந்த ஒரு விதியை மேற்சொன்னவற்றோடு பொருத்தினால் விளைவு விபரீதமாகிறது. வரிசை பிசகாமல் நின்றவர் ஒருவர், கிளறாமல் பொறுத்தவர் அவரே, பழைய டின்னைப் பத்திரப்படுத்தியவரும் அவரே. மிச்சமான நான்கு பாத்திரங்களின் லாபம் முழுவதும் சோபாவில் இருந்தவருக்கு. இதைச் சமைத்தவர் எப்போது உணர்கிறார் என்பதற்குக் களச்சான்று உண்டு. அன்றைக்குப் பாஸ்தாவோடு ஒரு சாலட்டும் மேசைக்கு வருகிறது: அதற்கு ஒரு பெரிய கிண்ணம், கலக்க இரண்டு கரண்டி, டிரெஸ்ஸிங் குலுக்க ஒரு ஜாடி, கீரையைச் சுற்றி உலர்த்தும் யந்திரம் ஒன்று, அதன் மூடி, அதன் உள்கூடை.