தாய்மாமன் லென்ஸ்

கொங்கு நாட்டில் அக்கா மகளுக்குக் காது குத்துவதென்றால் மாமன் மடி வேண்டும். அவள் பெரியவளானால் மாமன் சீர் வேண்டும். தட்டு எத்தனை, சேலை என்ன விலை, போன தலைமுறையில் எந்த மாமன் எதில் குறை வைத்தான் என்பதெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். அக்கா மகள் ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்ந்தால் மாமன் என்ன செய்யவேண்டும் என்பதற்குத்தான் முறை எதுவும் ஏற்பட்டிருக்கவில்லை. என் அக்கா ஏற்படுத்தினாள்.

“கேமரா வெச்சிருக்கறயல்லொ? போட்டிக்கு வந்து பாப்பாவ நல்லா நாலு போட்டோ எடுத்துக் குடு. அதுவும் சீருதான்.”

கேமரா இருப்பது உண்மை. வாங்கும்போதே கூட வந்த 18–55 லென்ஸும் இருக்கிறது. துடியலூர் சந்தையில் குவித்து வைத்திருக்கும் கத்தரிக்காயை அது அத்தனை அழகாக எடுக்கும். கத்தரிக்காய் பல்டி அடிப்பதில்லை.

போட்டி நடந்த ஹாலில் உயரத்தில் விளக்குகள் இருந்தன. அவற்றில் சில எரியவும் செய்தன. நம் கண்ணுக்கு உள்ளே வெளிச்சமாகத்தான் தெரியும். ஆனால் வாசலுக்கு வெளியே அடிக்கும் மத்தியான வெயிலோடு ஒப்பிட்டால் அது சில நூறு மடங்கு குறைச்சல். கண் இதை நம்மிடம் சொல்லாது. கேமரா சொல்லும். முதல் போட்டியில் நான் எடுத்த படங்களில் பீம் தெளிவாக இருந்தது, அதன் மேல் ஒரு பாதம் தெளிவாக இருந்தது, பாதத்துக்கு மேலே நீல நிறத்தில் புகை போயிற்று. அம்மா செல்போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன சாமி இது, புள்ளைக்குக் காத்துகருப்பு பட்ட மாதிரியல்லொ இருக்குது” என்று திருநீறு எடுக்கப் போய்விட்டார்.

ஃப்ளாஷ் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் பீமைப் பக்கத்தில் பார்க்காதவர்கள். 5 மீட்டர் நீளம், தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரம், அகலம் வெறும் 10 சென்டிமீட்டர். அதன் மேல் தலைகீழாகப் போய்க்கொண்டிருக்கும் குழந்தையின் கண்ணில் மின்னல் அடிப்பவனுக்கு மாமன் என்ற பட்டமே பறிபோகும். சர்வதேசப் போட்டிகளிலும் ஃப்ளாஷுக்குத் தடைதான். ஆக, இருக்கிற வெளிச்சத்தை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளவேண்டும்.

புது லென்ஸ் வாங்கப் போகிறேன் என்றதும் ஊரே ஆலோசனை சொன்னது. எல்லா ஆலோசனையும் நீளத்தைப் பற்றியது. மச்சானுக்கு மோட்டார் பம்ப் தொழில். ஜவுளிக்கடைக்குப் போனாலும் ஹெச்.பி. கேட்கிறவர். “எத்தனை தூரம் இழுக்கும் மாப்ள?” என்றார்.

“தூரம் பிரச்சினை இல்லீங் மச்சான். வெளிச்சந்தான் பத்தலை. ரெண்டு இஞ்ச் பைப்புல வர்ற தண்ணிக்கும் ஆறு இஞ்ச் பைப்புல வர்ற தண்ணிக்கும் எத்தனை வித்தியாசமுங்?”

“வாயளவு கணக்குக்கு ஒம்பது மடங்கு.” யோசிக்கவே இல்லை.

“என்ற லென்ஸு ரெண்டு இஞ்ச் பைப்புங். எனக்கு ஆறு இஞ்ச் வேணுமுங்.”

மச்சானுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. கடைக்காரர்களுக்குத்தான் கடைசிவரை புரியவில்லை. கணக்கு இவ்வளவுதான். என் 18–55 லென்ஸை 55-க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6. அதற்குப் பதில் எஃப் 1.8 என்று எழுதியிருக்கும் லென்ஸைப் போட்டால் உள்ளே வரும் வெளிச்சம் ஒன்பதரை மடங்குக்கும் மேல். அந்த ஹாலில் ஐ.எஸ்.ஓ. 3200 வைத்து நூறில் ஒரு நொடிக்குத் திறந்து மூடிய ஷட்டர், 1.8-இல் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு நொடிக்கு மூடிக்கொள்ளும். பல்டி அடிக்கும் பிள்ளையை நிறுத்திப் பிடிக்க ஐந்நூறில் ஒரு நொடியாவது வேண்டும். 5.6-இல் வருவது ஆவி, 1.8-இல் வருவது அக்கா மகள்.

டவுனில் ஒரு கடையில் 55–250 லென்ஸை எடுத்து வைத்தார்கள். விலை கைக்கு அடக்கம். ஆனால் 250-க்கு இழுத்தால் அதே 5.6. “இதுல ஐ.எஸ். இருக்குதுங்ணா, ஆடவே ஆடாதுங்” என்றார் விற்பனைத் தம்பி. ஆடாமல் இருப்பது என் கை. ஆடிக்கொண்டிருப்பது பாப்பா. லென்ஸுக்குள்ளே இருக்கும் எந்த ஐ.எஸ்.ஸும் எதிரே குதிக்கிற பிள்ளையைப் போய்ப் பிடித்து நிறுத்தாது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “அப்பறம் பேக் ஃப்ரீங்ணா” என்றார்.

நீளமும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்பவர்களுக்கு 70–200, எஃப் 2.8 என்றொரு லென்ஸ் உண்டு. 5.6-ஐப் போல நான்கு மடங்கு வெளிச்சம். உலகம் முழுக்க விளையாட்டுப் படம் எடுப்பவர்கள் கையில் இருப்பது இதுதான். எடை ஒன்றரைக் கிலோ. விலை புதிதாக ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஏன் இத்தனை விலை என்றால் கண்ணாடிதான் காரணம். 200 எம்.எம்.ஐ 2.8-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏழு சென்டிமீட்டருக்கு மேல் வாய் அகலம் வேண்டும். 1.8 கேட்டால் பதினோரு சென்டிமீட்டர். கேனான் கம்பெனி 1988-இல் அப்படியும் ஒன்று செய்து விற்றிருக்கிறது. மூன்று கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் டவுன் பஸ் ஏறினால் லக்கேஜ் டிக்கெட் போடுவார்கள்.

வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைத்தேன். நல்ல யோசனைதான்; ஆசை தீரும், வீட்டில் சண்டை வராது. துடியலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரைக் கேட்டேன். அவர் தேதியைக் கேட்டார். சொன்னேன். காலண்டரைத் திருப்பினார். “வளர்பிறை முகூர்த்தமுங். அன்னிக்குக் கோயமுத்தூர் ஜில்லாவுல ஒரு 70–200 கூட மண்டபத்துக்கு வெளிய இருக்காதுங்.” பிள்ளைகளின் போட்டியை ஞாயிற்றுக்கிழமைதான் வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் முகூர்த்தம் வந்தால் லென்ஸுக்குத் தாலி கட்டும் இடத்தில்தான் வேலை.

மிச்சம் இருந்தவை இரண்டே. 50 எம்.எம். எஃப் 1.8 ஒன்று. புதிதாகவே பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். 160 கிராம்தான், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறந்துபோய் வேட்டியோடு துவைக்கப் போட்டுவிடலாம். கையில் காசு குறைவென்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குங்கள் என்பேன். ஒரே சங்கடம், பத்து மீட்டர் தள்ளி நின்றால் பிள்ளை சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருப்பாள். மீதியெல்லாம் எதிர்ச்சுவரில் ஒட்டிய டுடோரியல் விளம்பரம். பிறகு வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று 85 எம்.எம். எஃப் 1.8. அதே பத்து மீட்டரில் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் மேலும் கீழும் இரண்டரை மீட்டர் அடங்கும். பாப்பா குதிக்கிற குதி அதற்குள் வந்துவிடும். புதிது என்றால் 50-ஐப் போல மூன்று மடங்கு விலை. ஜூம் கிடையாது, முன்னே பின்னே போக நம் கால்தான்.

செகண்ட்ஹேண்டில் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கோவைக்காரனுக்கு அதில் கூச்சம் வரக்கூடாது. ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் பழைய புரொஜெக்டரைப் படச்சுருளோடு விலை பேசி வாங்கினார். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, கடைசியில் கோவையில் வெரைட்டி ஹால் என்று தியேட்டரே கட்டினார். என் நோக்கம் அத்தனை பெரிதில்லை.

இப்போது பழைய லென்ஸ் வாங்கத் தோதான காலமும்கூட. 2018 முதல் கேனானும் நிகானும் கண்ணாடியில்லாக் கேமராவுக்கு, அதாவது மிரர்லெஸ்ஸுக்கு, லென்ஸ் மாட்டும் வாயையே மாற்றிவிட்டார்கள். கல்யாண போட்டோகிராபர்கள் ஒவ்வொருவராக அதற்கு மாற, நன்றாக உழைத்துக்கொண்டிருந்த பழைய லென்ஸ்களெல்லாம் பாதி விலைக்குச் சந்தைக்கு வருகின்றன. வடமதுரை விருந்தீஸ்வரர் கோவில் பக்கம் ஒருவர் 85-ஐ விற்கிறார் என்று தெரிந்து போனேன். சுந்தரருக்கு முருங்கைக்கீரை சமைத்து விருந்து போட்ட சாமி என்று ஊரில் சொல்வார்கள். குறைந்த செலவில் நிறைவாக முடிப்பது எங்கள் பகுதிக்கு அப்போதிருந்தே வழக்கம் போலிருக்கிறது.

லென்ஸின் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. அது நல்ல சகுனம். பூஜை போடுகிறவன் பொருளைத் தூக்கி வீசமாட்டான். செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கம் வழியாகப் பார்த்தேன். சிலந்திவலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, அப்படியே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். நாலைந்து தூசி தெரிந்தால் பாதகமில்லை, படத்தில் வராது. இதில் தூசிதான். வாய்க்குள் இருக்கும் இதழ்களில் எண்ணெய்ப் பசை இல்லை. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் மண் அரைபடும் சத்தம் இல்லை. முன்னால் மாட்டும் மூடாக்கைக் கழற்றியபோது மஞ்சள் தடவிய அரிசி ஒன்று உதிர்ந்தது. யாரோ ஒரு தம்பதி மீது விழவேண்டிய அட்சதை. “எத்தனை கல்யாணம் பாத்திருக்குமுங்?” என்றேன். “எண்ணுனதில்லீங். டைவர்ஸ் ஆனது ரெண்டு எனக்குத் தெரிஞ்சு” என்றார் விற்றவர். விலையில் ஐந்நூறு குறைத்துக்கொண்டார்.

வாங்கிக்கொண்டு அடுத்த போட்டிக்குப் போனால் வாசலிலேயே மரியாதைக் குறைவு. எனக்கு முன்னால் ஒரு அப்பா வெள்ளை நிறத்தில் 100–400 ஜூம் மாட்டிக்கொண்டு வந்தார். காவலர் அவரைப் பத்திரிகைக்காரர் என்று நினைத்துக் கயிற்றைத் தூக்கி உள்ளே விட்டார். என் 85-ஐப் பார்த்துவிட்டு, “பேரன்ட்ஸெல்லாம் கேலரியில உக்காருங்க, அங்கிருந்து செல்போன்ல எடுத்தாலே வரும்” என்றார். அந்த வெள்ளை லென்ஸின் வாய் இழுத்த இடத்தில் 5.6-தான் என்று காவலரிடம் சொல்ல ஆசை. அக்கா இடுப்பில் இடித்தாள். நல்லவேளை, கேலரியின் முதல் வரிசை பீமுக்கு நேர் பக்கவாட்டில் அமைந்துவிட்டது. அதுதான் வேண்டியதும். 1.8-இல் எட்டு மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் அரை மீட்டரும் கொஞ்சமும்தான். எதிரே நின்றால் ஓடிவருகிற பிள்ளை ஒவ்வோர் அடிக்கும் ஃபோகஸைவிட்டு ஓடிப்போவாள். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பீம் முழுக்க ஏறக்குறைய ஒரே தூரம். இன்னொரு சூட்சுமம், மேலே எழும்பிய பிள்ளை இறங்கத் தொடங்கும் முன் உச்சியில் துளி நேரம் நிற்பாள். அங்கே அமுக்கவேண்டும்.

அப்படியும் அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெள்ளையாக, ஒன்று மஞ்சளாக, ஒன்று இருட்டாக விழுந்தது. லென்ஸ் மேல் பழி போடக்கூடாது. நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று; அதில் எரியும் சில வகை விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மங்கி எரியும். நமக்குத் தெரியாது, ஆயிரத்தில் ஒரு நொடிக்குத் திறக்கும் ஷட்டருக்கு ஒவ்வொரு மங்கலும் தெரியும். 2014-இல் வந்த கேனான் 7டி மார்க் 2 முதல் சில கேமராக்களில் இதற்கு மருந்து உண்டு. என்னுடையதில் இல்லை. நிறையத் தட்டி, நல்லதைப் பொறுக்கிக்கொள்வதுதான் என் மருந்து.

பொறுக்கியதில் ஒன்று அபாரம். பாப்பா பீமுக்கு மேலே இரண்டு காலையும் விரித்து அந்தரத்தில் இருக்கிறாள். கையில் பூசிய சுண்ணப்பொடி விரல் நுனியிலிருந்து தெறிப்பதுகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. மச்சான் அதை வாட்ஸ்ஆப் முகப்பில் வைத்தார். அம்மா திருநீறு வைத்தது வேலை செய்துவிட்டது என்றார். நான்கு வீட்டு அம்மாக்கள் என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். இலவசம் என்று அக்காவே அறிவித்துவிட்டாள்.

படத்தைப் பாப்பாவின் ஜிம்னாஸ்டிக்ஸ் மாஸ்டரும் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். “பின்னங்கால் முட்டி மடங்கியிருக்குது பாருங்” என்றார். ஜிம்னாஸ்டிக்ஸில் முட்டி லேசாக மடங்கினால் 0.1 போகும், கொஞ்சம் கூடினால் 0.3, நன்றாக மடங்கினால் 0.5. கீழே விழுந்தாலே 1 தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தீபா கர்மாகர் வால்ட்டில் 15.066 வாங்கி நான்காவது வந்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.150. மாஸ்டர் அந்தக் கதையை முழுதும் சொன்னார். பிறகு படத்தைப் பிரின்ட் போட்டுப் பயிற்சிக் கூடத்துச் சுவரில் ஒட்டி, முட்டியைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். தினமும் கூடுதலாக அரைமணி நேரம் காலை நீட்டும் பயிற்சி என்று உத்தரவு.

பாப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். போன வாரம் அடுத்த போட்டிக்குத் தேதி வந்ததும் தானாகவே வீட்டுக்கு வந்தாள். என் அலமாரியைத் திறந்து, மூலையில் கிடந்த 18–55-ஐ எடுத்துத் துடைத்து என் கையில் வைத்தாள்.

“மாமா, இதுலயே எடுங்க. இதுல நான் நல்லாப் பண்ணியிருந்தேன்.”