சமைக்காமல் களைத்துப் போவது எப்படி?

கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்க வீட்டில் ரொம்பக் கிராக்கியான இடம் ஓவன்தான். பன்றித் தொடையோ வான்கோழியோ காலையில் உள்ளே போய்ப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்து வரும். அது எப்போது இடத்தைக் காலி செய்யும் என்று உருளைக்கிழங்கும் ஆப்பிள் பையும் வெளியே காத்துக் கிடக்கும். விருந்தினர்களுக்கு இந்த நெருக்கடியெல்லாம் தெரியாது. ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஐந்தே முக்காலுக்கே வந்து, கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு கோப்பையோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டு, வாசனை ஆளைத் தூக்குகிறதே என்பார்கள். பசிக்கிறது என்பதைக் கௌரவமாகச் சொல்லும் முறை அது.

அவர்களை ஒரு மணி நேரமாவது சமாளிக்க ஏற்பட்டதுதான் அடுப்பே மூட்டாமல் தயாராகும் பண்டிகைத் தட்டு. ஒரு மரப்பலகை. அதன்மேல் மூன்று நான்கு வகை சீஸ், மெல்லிசாகச் சீவிய சலாமி, உப்புநீரில் ஊறிய ஆலிவ், திராட்சைக் கொத்து, பாதாம், அத்திப்பழ ஜாம், கிராக்கர் பிஸ்கட். கொதித்து வழிய ஒன்றுமில்லை, அடிபிடிக்க ஒன்றுமில்லை. சமையலே கிடையாது, அடுக்கினால் முடிந்தது, பதினைந்தே நிமிடம் என்று பத்திரிகைகள் டிசம்பர் தோறும் ஆசை காட்டும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் எதெது சேரவில்லை என்பதுதான் விஷயம்.

முதலில் கணக்கு. பிரதான சாப்பாட்டுக்கு முன் கொறிப்பதற்கென்றால் ஆளுக்கு 2 அவுன்ஸ் சீஸ், 2 அவுன்ஸ் இறைச்சி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இருபது பேர் வந்தால் இரண்டும் தலா இரண்டரை பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கணக்கு போட்டவர் திருப்தியோடு கடைக்குப் போகிறார். அங்கே சீஸ் பகுதியில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் விற்பனையாளர், கெட்டியா, மென்மையா, பசும்பாலா, ஆட்டுப்பாலா, எத்தனை மாதத்தது என்று வரிசையாகக் கேட்கிறார். சீஸ் என்றால் மஞ்சளாக இருக்கும் என்ற அளவில் அறிவு உள்ளவர் இந்த விசாரணையில் தாக்குப்பிடிப்பது கடினம். விற்பனையாளர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, போட்ட கணக்கைவிட இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார். பில்லைப் பார்த்த பிறகு, இதற்கு வான்கோழியே இரண்டு வாங்கியிருக்கலாமே என்ற சிந்தனை வருகிறது.

விலைக்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தட்டில் சமையல் இல்லை என்பது பாதி உண்மைதான். சமையல் நடந்திருக்கிறது, வேறு ஊரில், வேறு ஆட்கள், போன வருஷமே ஆரம்பித்துவிட்டார்கள். இத்தாலியின் பர்மிஜானோ ரெஜ்ஜியானோ சீஸை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால் போகிறது. செப்பு அண்டாவில் காய்ச்சித் திரித்து, உப்புநீரில் மிதக்கவிட்டு, மர அலமாரியில் ஏற்றினால் குறைந்தது 12 மாதம் கழித்துத்தான் இறங்கும். அதற்குள் பரீட்சை வேறு உண்டு: பரிசோதகர் சிறிய சுத்தியலால் சக்கரத்தைத் தட்டித் தட்டி, உள்ளே பொந்தோ வெடிப்போ இருக்கிறதா என்று காதால் கேட்டுக் கண்டுபிடிக்கிறார். பார்மா நகரத்துப் ப்ரொஷூட்டோவும் அப்படித்தான். பன்றித் தொடையும் கடலுப்பும் காற்றும் தவிர அதில் வேறெதுவும் சேராது. ஆனால் தயாராக ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆலிவ் காய் மரத்திலிருந்து பறித்த கையோடு வாயில் போட்டால் கசப்பில் முகம் ஒரு பக்கமாகப் போய்விடும். அந்தக் கசப்பை இறக்க அதைக் காரக் கரைசலிலோ உப்புநீரிலோ நாள்கணக்காக, சில வகையென்றால் மாதக்கணக்காக, ஊறப்போட வேண்டும். நீலநிறப் பூஞ்சை ஓடிய ரோக்ஃபோர் சீஸ், பிரான்சில் அதே பெயருள்ள ஊரின் குகைகளுக்குப் போய்வந்து, மொத்தம் 90 நாளாவது பதப்பட்டாக வேண்டும். நம் வீட்டில் பூஞ்சை பிடித்த பண்டத்தை ஓசைப்படாமல் குப்பையில் போடுவார்கள். அங்கே அதற்குச் சட்டப் பாதுகாப்பே கொடுத்திருக்கிறார்கள்.

எல்லாச் சாமானுக்கும் இப்படிப்பட்ட வம்சாவளி கிடையாது. தட்டில் தவறாமல் இடம்பிடிக்கும் ரிட்ஸ் கிராக்கர் 1934-இல், பொருளாதார மந்தத்தின் நடுவே, கொஞ்சம் பணக்காரப் பெயரோடு சந்தைக்கு வந்த பிஸ்கட். பிலடெல்பியா க்ரீம் சீஸ் பிலடெல்பியாவில் பிறந்ததே அல்ல. நியூயார்க் மாநிலத்தில் செய்த சரக்குக்கு 1880-இல் அந்த நகரத்தின் பெயரைச் சூட்டினார்கள். அன்றைக்கு நல்ல பால்பொருளுக்குப் பேர்போன ஊர் அது. இருந்தும் இத்தாலியச் சக்கரவர்த்தியின் பக்கத்தில் இந்த இரண்டும் கூச்சமே இல்லாமல் உட்காரும். முதலில் காலியாவதும் இவைதான்.

சமைக்காத பண்டத்தால் பண்டிகை கொண்டாடிய விஷயத்தில் அமெரிக்க ஜனாதிபதிகளை யாரும் மிஞ்ச முடியாது. மாசசூசெட்ஸ் மாநிலத்துச் செஷயர் ஊர்க்காரர்கள், ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் பாதிரியாரின் முயற்சியில், 1801-இல் ஊர்ப் பசுக்களின் பாலையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஒரு சீஸ் செய்தார்கள். தேர்தலில் ஜெயித்த தாமஸ் ஜெஃபர்சனுக்கு அன்பளிப்பு. எடை 1,235 பவுண்டு, அதாவது சுமார் 560 கிலோ. எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பசுவின் பால் ஒரு சொட்டுக்கூட இதில் கலக்கவில்லை என்று அப்போதே பேச்சு. பசுவுக்குக் கட்சி உண்டா என்று தமிழ் வாசகர் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. 1802 ஜனவரி முதல் தேதி, புத்தாண்டு வரவேற்பு நாளில், சீஸ் ஜனாதிபதியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓசியில் எதையும் வாங்குவதில்லை என்ற கொள்கைக்காரரான ஜெஃபர்சன் 200 டாலர் எடுத்துக் கொடுத்தார்.

இன்னொருவர் ஆண்ட்ரூ ஜாக்சன். நியூயார்க் மாநிலத்துப் பண்ணைக்காரர் தாமஸ் மீச்சம் அவருக்கு 1835-இல் அனுப்பிய சீஸ் 1,400 பவுண்டு. அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் வெள்ளை மாளிகையிலேயே வைத்திருந்தார். பதவிக்காலம் முடியப் போகிறது; வீட்டைக் காலி செய்ய வேண்டும்; சீஸோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. 1837 பிப்ரவரி 22, ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தநாள் அன்று கதவைத் திறந்துவிட்டு, வேண்டுகிற அளவு வெட்டிக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார். வந்த கூட்டம் சுமார் பத்தாயிரம் என்கிறார்கள். இரண்டே மணி நேரத்தில் சீஸ் தீர்ந்தது. வாசனை மட்டும் தீரவில்லை. பத்து நாளில் ஜாக்சன் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசனையை அனுபவிக்கும் பாக்கியம் அடுத்து வந்த மார்ட்டின் வான் பியூரனுக்கு வாய்த்தது.

அந்த இரண்டு மணி நேரம் தற்செயலாக இன்றைய அரசு அறிவுரையோடு பொருந்திவிடுகிறது. கெட்டுப்போகக்கூடிய உணவு எதையும் சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் மளமளவென்று பெருகும் என்பது காரணம். இன்னொரு பக்கம் சீஸ் விற்பவர்கள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வெளியே வைத்தால்தான் மணமும் மென்மையும் வரும் என்கிறார்கள். இருவர் சொல்வதும் சரி. ஆக விருந்து கொடுப்பவர் சீஸை முன்னதாக எடுத்து வைக்க வேண்டும், ரொம்ப முன்னதாக எடுக்கக் கூடாது, விருந்தினர் தாமதித்தால் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். சமையல் செய்திருந்தால் கடிகாரத்தை இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்.

இதற்கு நடுவில் அழகு பார்க்க வேண்டிய கடமை வேறு. கிறிஸ்துமஸ் தட்டு வெறும் தட்டாக இருந்தால் போதாது. மரமாகவோ மலர் வளையமாகவோ இருக்க வேண்டும். மரம் என்றால் சீஸ் துண்டும் பச்சைத் திராட்சையும் ஆலிவும் வரிசை வரிசையாக, கீழே அகலமாகவும் மேலே குறுகியும் அடுக்க வேண்டும். இடையில் ஊசியிலை என்று ரோஸ்மேரிக் கொத்து. உச்சியில் நட்சத்திரமாக வெட்டிய ஒரு சீஸ் துண்டு. வளையம் என்றால் மொஸரெல்லா உருண்டையும் செர்ரி தக்காளியும் துளசி வகை இலையுமாக வெள்ளை, சிவப்பு, பச்சை. சலாமியில் ரோஜாப்பூ செய்வதும் வழக்கமாகிவிட்டது. கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் சலாமி வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் ஏறாமலும் மடித்துக்கொண்டே சுற்றி, கோப்பையைக் கவிழ்த்தால் பூ விழும். முதல் தடவை விழுவது பூவாக இருப்பதில்லை. இதற்குள் நறுக்கிய ஆப்பிள், காற்றுப் பட்டுப் பழுப்பேறத் தொடங்கியிருக்கும். எலுமிச்சைச் சாற்றைத் தடவி அதன் மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு மேசையில் வைத்த பிறகு விருந்தினர் என்ன செய்கிறார்கள்? போட்டோ எடுக்கிறார்கள். பிறகு சுற்றி நின்று பார்க்கிறார்கள். நவராத்திரிக் கொலுவிலிருந்து பொம்மையை எடுக்கத் தயங்குவது போல, யாரும் முதல் கை வைக்க மாட்டார்கள். இதற்காகவே அனுபவசாலிகள் ஒரு மூலையில் தாங்களே நாலு துண்டை எடுத்து, கலைத்த மாதிரி வைத்துவிடுகிறார்கள். தடை உடைந்த பிறகு மரம் நின்ற இடத்தில் ரோஸ்மேரி மட்டும் மிஞ்ச அதிக நேரம் ஆகாது.

தட்டில் எது கௌரவம் என்பதும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செலரித் தண்டு பணக்காரப் பண்டம். வளர்ப்பது சிரமம், விலை அதிகம். அதனால் அதற்கென்றே தனியாகக் கண்ணாடிக் குவளை செய்து, பூச்செண்டைப் போலச் சொருகி மேசை நடுவில் வைத்தார்கள். பச்சையாகக் கடித்துத் தின்றார்கள். பிறகு மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ பக்கம் டச்சுக் குடியேறிகள் சதுப்பு நிலத்தில் செலரியை ஏராளமாக விளைவித்தார்கள். விலை இறங்கியது, குவளை போயிற்று, செலரி சாதாரணத் தட்டில் முள்ளங்கிக்கும் வெள்ளரி ஊறுகாய்க்கும் பக்கத்தில் படுத்தது. இன்று அதைச் சீந்த ஆளில்லை. 2022-இல் மரப்பலகை முழுக்க வெண்ணெயைத் தடவி, உப்பும் தேனும் தூவி, ஆளாளுக்கு ரொட்டியால் வழித்துத் தின்னும் மோகம் ஒன்று சமூக ஊடகங்களில் கிளம்பியது. வந்த வேகத்திலேயே ஓய்ந்தும் போயிற்று. பலகையைக் கழுவியவர்கள் அதற்காக வருத்தப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

அடுத்த தலைவலி, யாருக்கு எது ஆகாது என்பது. கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாதவர், பன்றி இறைச்சி தொடாதவர், கோதுமை ஆகாதவர் எல்லோரும் ஒரே பலகையைச் சுற்றித்தான் நிற்பார்கள். கர்ப்பிணிகளுக்கோ, காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ் லிஸ்டீரியா கிருமியால் ஆபத்து. அங்கே குடியேறிய தமிழ்ச் சைவர்களின் நிலைமை தனி. சலாமி இருக்கும் பக்கமே திரும்பாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு தாண்டிப் போய், பால்தானே என்று பர்மிஜானோ துண்டில் நிம்மதியாகக் கைவைப்பார்கள். பாலைத் திரிக்க அதில் சேர்ப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். அந்தச் சீஸின் விதிமுறையே அதைத்தான் சொல்கிறது. இந்தியப் பொட்டலத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி அங்கே கட்டாயமில்லை. பல உறைகளில் என்ஸைம் என்று மொட்டையாகப் போட்டிருக்கும். ஆனால் ஆறுதலும் உண்டு. நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கும் திரிபொருளுக்கு 1990-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்த பிறகு, அங்கே விற்கும் செடார் போன்றவற்றில் பெரும்பகுதி அப்படிச் செய்ததுதான். உறையைப் படித்து வாங்கிச் சின்னச் சின்ன அட்டையில் பெயர் எழுதிக் குத்தி வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. அட்டை எழுதும் நேரமும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் சேராது.

நன்றாக அமைந்த தட்டுகளைப் பார்த்தால் அவற்றில் சாமான் குறைவாகத்தான் இருக்கிறது. கெட்டியாக ஒன்று, மென்மையாக ஒன்று, காரசாரமாக ஒன்று என மூன்று சீஸ். உப்புக்கு ஆலிவ், இனிப்புக்கு ஜாம், கடிப்பதற்குப் பருப்பு, இடையில் வாயைக் கழுவப் பழம். இறைச்சி சேர்த்தால் தனிப் பலகை, தனிக் கத்தி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குவிக்காமல், பாதியை ஃப்ரிட்ஜில் வைத்துத் தீரத் தீர நிரப்பினால் வேளாண்மைத் துறையும் சந்தோஷப்படும், சீஸ்காரரும் சந்தோஷப்படுவார். மரம், வளையம், ரோஜாப்பூ எல்லாம் நேரமும் பொறுமையும் மிச்சமிருப்பவர்களுக்கு.

இப்படிப்பட்ட விருந்துக்குப் போக நேரும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். தட்டைப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது, வாங்கி அடுக்கியதுதானே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னவர் யார் என்பதை விருந்து கொடுப்பவர் கவனமாக நினைவில் வைத்திருப்பார். அடுத்த டிசம்பரில் தட்டு உங்கள் பொறுப்பு.