வேஷம் கட்டறதுக்கு முன்னாடி

ஆளை மாத்திக்கிட்டா பயம் ஓடிப்போயிரும்னு உனக்கு எவன்டா தம்பி சொன்னது? வெள்ளிக்கிழமை பாயான் லெப்பாஸ் பெக்டரியில இண்டர்வியூ. உள்ள போகப்போறது நீ இல்லையாம், உனக்குள்ள இருக்கிற வேற ஒருத்தனாம். அவனுக்கு 'கிங்'குன்னு பேரும் வெச்சாச்சாம். அவன் நடை வேறயாம், பார்வை வேறயாம். இருக்கட்டும். பெரியப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியலேன்னா முழிக்கப்போறது யாரு, கிங்கா, நீயா?

மூஞ்சியைத் தூக்காதே. நான் வேணாம்னு சொல்லலை. பினாங்குல பொறந்துட்டு, இந்த வித்தையை அமெரிக்காக்காரன் புஸ்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொல்றே பாரு, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். 1885-லேயே மாமாக் புஷின்னு ஒரு ஆளு இந்த ஊருல பங்சாவான் கம்பெனி நடத்தியிருக்கார். இந்தியாவுல இருந்து வந்து இறங்கின பார்சி நாடகத்தைப் பார்த்துட்டு, அதை மலாய்ல போட்ட கூட்டம். ராஜா, மந்திரி, பூதம்னு ராத்திரிக்கு ஒரு வேஷம். வேஷம் கட்டினவனுக்குக் கூச்சம் போயிரும்ங்கிறதை நாங்க காசு கொடுத்துப் பார்த்த ஊருடா இது.

பி. ரம்லியைத் தெரியுமில்ல? பாட்டு மட்டும்தான் தெரியும் உனக்கு. 1929-ல சுங்கை பினாங்ல பொறந்த பையன், அப்பா ஆச்சேயில இருந்து வந்த கப்பல்காரர். பொறந்தப்ப வெச்ச பேரு ஜக்காரியா. அப்பன் பேரு பூத்தே, அதுல இருந்து ஒரு எழுத்தைக் கிள்ளி முன்னால ஒட்டிக்கிட்டு, பி. ரம்லின்னு ஆனார். 1947-ல ரேடியோ மலாயா பாட்டுப் போட்டியில ஜெயிச்சார், அடுத்த வருஷமே சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கூட்டிட்டுப் போன டைரக்டரு நம்ம இந்தியாக்காரர்தான், பி.எஸ். ராஜ்ஹன்ஸ்.

1962-ல அவர் எடுத்த 'இபு மெர்துவாக்கு' படத்தைப் போட்டுப் பாரு. மாமியார் கொடுமைப் படம், உனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி பார்க்கிறது உத்தமம். அதுல காசிம் செலாமட்னு ஒரு வாத்தியக்காரன். பணக்கார மாமியா பண்ணின சூதுல, பொண்டாட்டி செத்துட்டான்னு நம்பி, அழுது அழுது கண்ணு போயிருது. அலைஞ்சு திரியிறான். அப்புறம் பேரை ஒஸ்மான் ஜைலானின்னு மாத்திக்கிட்டு மறுபடி மேடையேறுறான், ஊரே கைதட்டுது. எண்ணிக்கோ. ஜக்காரியா ரம்லி ஆகி, ரம்லி காசிம் ஆகி, காசிம் ஒஸ்மான் ஆகி நிக்கிறான். ஒண்ணு மேல ஒண்ணா மூணு சட்டை!

ஆனா காசிமுக்கு சாக்ஸபோன் ஊதத் தெரிஞ்சதாலதான் ஒஸ்மானுக்குக் கைதட்டு. நிஜத்துலயும் அப்படித்தான். பேரு மாறுறதுக்கு முன்னாடியே ரம்லி உகுலேலே, கித்தார், வயலின்னு எல்லாத்துலயும் கை வெச்சவன். கணேசன் மேடையில சிவாஜியா நின்னு அசத்தினதைப் பார்த்துப் பெரியார் பேரு வெச்சார்னா, அந்த கணேசன் சின்ன வயசுல இருந்தே நாடகக் கம்பெனியில சோறு தின்னு அடி வாங்கினவர். பெங்களூர் பஸ் கண்டக்டருக்கு பாலச்சந்தர் ரஜினிகாந்த்னு பேரு கொடுத்தாருன்னா, அவரும் அதுக்கு முன்னாடி மெட்ராஸ்ல நடிப்புப் பள்ளிக்கூடம் போனவர். நீ நேரா பேரு வைக்கிற விழாவுல ஆரம்பிச்சிருக்கே.

உன் புஸ்தகத்துல இருக்கிற அந்தப் பிள்ளைங்க சமாச்சாரம் எனக்கும் பிடிச்சதுதான். 2017-ல வந்த ஆராய்ச்சி. நாலு வயசு, ஆறு வயசுப் பிள்ளைங்க 180 பேரை உக்கார வெச்சு, சலிப்பு தட்டுற வேலை ஒண்ணை பத்து நிமிஷத்துக்குச் செய்யச் சொன்னாங்க. பக்கத்துலயே விளையாட்டு இருக்கு, எப்ப வேணா அதுக்குப் போகலாம். ஒரு கூட்டம், 'நான் கஷ்டப்பட்டு வேலை செய்யிறேனா'ன்னு தன்னையே கேட்டுக்கணும். இன்னொரு கூட்டம் தன் பேரைச் சொல்லி, மூணாம் மனுசனை விசாரிக்கிற மாதிரி கேட்டுக்கணும். மூணாவது கூட்டம் பேட்மேன் மாதிரி ஒருத்தர் வேஷம் கட்டிக்கிட்டு, 'பேட்மேன் கஷ்டப்பட்டு வேலை செய்யிறானா'ன்னு கேக்கணும். அதிக நேரம் தாக்குப் பிடிச்சது பேட்மேனுங்கதான். தன் பேரைச் சொல்லிக் கேட்டவங்க அடுத்து, 'நான் நான்'னு கேட்டதுங்க கடைசி. தன்னை விட்டு ரெண்டு அடி தள்ளி நின்னா மனசு அல்லாடாதாம். நியாயம்தான். பக்கத்து வீட்டுக்காரன் பிரச்சினைக்கு நம்ம எல்லாருக்கும் பதில் தெரியுதே!

ஆனா தம்பி, அந்தப் பிள்ளைங்களுக்குக் கொடுத்தது அவங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான். பேட்மேனை மாட்டிக்கிட்டா சர்க்கியூட் டயகிராம் தானா விளங்கிரும்னு ஆராய்ச்சிக்காரங்க எழுதலை.

தண்ணீர்மலைக்கு வா. தைப்பூசத்தன்னைக்கு காவடி எடுக்கிறவனைக் கிட்ட நின்னு பார்த்திருக்கியா, இல்ல போன்ல வீடியோ பிடிச்சதோட சரியா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன், சம்பளத்துல இருபது வெள்ளி குறைஞ்சா கேக்க வாய் வராது. கடையில மீதிச் சில்லறையைத் தப்பாக் கொடுத்தா அப்படியே பையில போட்டுக்கிட்டு வந்துருவான். அவன் வருஷா வருஷம் அலகு குத்திக் காவடி எடுப்பான். உருமி மேளம் ஏற ஏற தோளு விரியும், கண்ணு எங்கேயோ போயிரும், கால் தரையில நிக்காது. கூட்டம் தானா வழி விடும். 513 படியையும் ஏறி முடிச்சிருவான். அதை நான் வேஷம்னு சொல்ல மாட்டேன், சொன்னா என் வாய் அழுகிரும். அது அவனுக்கும் முருகனுக்கும் உள்ள கணக்கு.

நான் உன்னைப் பார்க்கச் சொல்றது வேற. அவனுக்குப் பின்னாலயே ஒருத்தன் ஸ்டூலைத் தூக்கிட்டு வருவான், கவனிச்சிருக்கியா? கால் தளர்ற நேரம் பார்த்து ஸ்டூலைப் போட்டு உக்கார வைப்பான். இன்னொருத்தன் கையில தண்ணி. மாமன் மச்சான் ரெண்டு பேர் கூட்டத்தைத் தள்ளிக்கிட்டே வருவாங்க. அதுக்கு முன்னாடி விரதம், தரையில படுக்கை, வீட்டுல மீன் வாசனை கிடையாது. மேல போய்ப் பாலை ஊத்தி, அலகை எடுத்து, விபூதியை அப்பினா சாமி மலையேறிரும். அஞ்சு நிமிஷத்துல பழைய ஆளு, பொண்டாட்டிக்கிட்ட, 'செருப்பை எங்க வெச்சே'ன்னு மெதுவாக் கேப்பான்.

உன் கிங்குக்கு விரதம் உண்டா? ஸ்டூல் தூக்க ஆள் உண்டா? முக்கியமா, இறங்கறதுக்கு விபூதி உண்டா? சில பேருக்கு ஏறினது இறங்காது. மேனேஜர் நாற்காலியில ஏறின வேஷத்தோட வீட்டுக்கு வந்து, கட்டினவளை மீட்டிங்குக்குக் கூப்பிடுறவன் இந்த ஊருல நிறைய பேர். அமெரிக்காப் பாட்டுக்காரி பியோன்சே 'சாஷா'ன்னு ஒருத்தியை உண்டாக்கி மேடைக்கு மட்டும் அனுப்பிக்கிட்டு இருந்தா, 2008-ல அவ பேருல தட்டே வந்துச்சு. ரெண்டு வருஷத்துல, இனி அவ எனக்குத் தேவையில்லைன்னு கணக்கை முடிச்சிட்டா. கெட்டிக்காரி. ரம்லி பாவம். கோலாலம்பூர் போனப்புறம் எடுத்த படம் சரியா ஓடலை, 1973-ல, 44 வயசுல மாரடைப்புல போயிட்டார். இப்ப பினாங்குல அவர் வீடு இருக்கிற சடக்குக்கு ரம்லி பேருதான். ஜக்காரியாவை யாரு கேக்குறா?

சரி, உனக்கு வேஷம்தான் வேணும்னா நான் ஒண்ணு தரேன். அந்த கறுப்புக் கண்ணாடியைச் சுத்தி மாட்டுற வேலையை விடு. சுத்தும்போது கீழ விழுந்தா அந்த எச்.ஆர். அம்மா குனிஞ்சு எடுத்துக் கொடுக்கப் போறதில்லை. உங்க அப்பாயியைப் போட்டுக்கோ. எங்க ஆத்தா.

சிரிக்கிறியா? நிபோங் தெபால் பக்கம் தோட்டத்துல கித்தா மரம் வெட்டினவ. கைநாட்டு. ஆனா வேலைக்குப் போன நாளுக்கு ஒரு முடிச்சுன்னு கயித்துல போட்டு, முந்தானையில செருகி வெச்சிருப்பா. ஒரு மாசம் கிராணி ரெண்டு நாளை விழுங்கிட்டான். கூட வந்த பொம்பளைங்க எல்லாம் சத்தம் போட்டாங்க, ஆத்தா போடலை. வாசல்ல செருப்பை விட்டா. அவன் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னா. அப்புறம் கயித்தை எடுத்து மேசையில நீட்டி வெச்சு, 'எண்ணுங்க ஐயா'ன்னா. வேற ஒரு வார்த்தை பேசலை. கிராணி ஒவ்வொரு முடிச்சாத் தடவித் தடவி எண்ணினதை நான் ஆத்தா சீலையைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தேன். ரெண்டு நாள் கூலியும் வந்துச்சு.

அவளுக்குப் பயம் இல்லேன்னு நினைக்காதே. சீலைக்குள்ள கால் ஆடிக்கிட்டு இருந்தது எனக்குத்தான் தெரியும், நான்தானே பிடிச்சிருந்தேன்.

உன் கிங் என்ன பண்ணுவான்னு உனக்கே தெரியாது, நேத்து ராத்திரி பொறந்தவன். ஆனா அப்பாயி என்ன பண்ணுவான்னு இப்ப உனக்குத் தெரியும். கேக்கிறவர் முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டா. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டா. தான் செஞ்ச வேலையை மேசை மேல எடுத்து வைப்பா. போன கம்பெனியில ஒரு மெஷினைச் சரி பண்ணினியே, அதை எப்படிப் பண்ணினே, எத்தனை மணி நேரம் ஆச்சு, எங்க முதல்ல தப்பு விட்டே, அதெல்லாம் ஒரு தாள்ல எழுதி எடுத்துக்கிட்டுப் போ. அதுதான் உன் கயிறு. கை நடுங்கினா 'அப்பாயி இப்ப என்ன பண்ணுவா'ன்னு உள்ளுக்குள்ள கேட்டுக்கோ. வாய்விட்டுக் கேட்டுறாதே, வேலை போயிரும்.

இன்னும் மூணு நாள் இருக்கு. பசியாறியாச்சுல்ல? அந்த நாற்காலியை இப்படித் திருப்பிப் போடு. நான்தான் மேனேஜர். நீ எழுந்து, அஞ்சடி வரைக்கும் போய் அங்க இருந்து நடந்து வா. செருப்பைக் கழட்ட வேணாம், இது பெக்டரி. வந்து உக்காரு, நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு 'நோ வேக்கன்சி' மட்டும்தான். அதுல இருந்தே ஆரம்பிப்போம்.