அரை மார்க் வக்கீல்கள்

பேப்பர் கொடுக்கும் நாளில் முதல் வேலை கூட்டிப் பார்ப்பது. கணக்கில் கோட்டை விட்டவருக்கும் அன்று கூட்டல் பிசகுவதே இல்லை. டோட்டலில் இரண்டு மார்க் கூடுதலாக விழுந்திருந்தால் தாள் சத்தமில்லாமல் நாலாக மடிந்து பைக்குள் போய்விடும். குறைந்திருந்தால்தான் "சார்!"

அடுத்தது சாட்சி விசாரணை. பக்கத்து பெஞ்சுக்காரனின் தாள் மேசைக்கு வருகிறது. "இதே ஸ்டெப்தான் சார், இவனுக்கு மட்டும் போட்டிருக்கீங்க." சார் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறார். ஒரே தப்பு, ஒரே வரியில், ஒரே மாதிரி அடித்தல். சாட்சி மெல்ல நழுவுகிறான்.

பிளஸ் டூ என்றால் புரிந்துகொள்ளலாம். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. இயற்பியலில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் அரை போச்சு. அந்த அரைக்குள் எத்தனை பேர் முந்துவார்கள் என்பது கவுன்சலிங் பார்த்த வீடுகளுக்குத் தெரியும். அதற்கு விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று கட்டணத்தோடு வழியும் உண்டு. இங்கே நடப்பதோ எட்டாம் வகுப்பு மாதத் தேர்வு வழக்கு!

அதிலும் 34 வாங்கியவன் கடைசி பெஞ்சில் நிம்மதியாக இருக்கிறான். மேசையை முற்றுகையிடுவது 98. படத்தில் அம்புக்குறி, விடையில் அலகு, அடிக்கோடு எல்லாம் வாதாடித் தோற்றபின் கடைசி அஸ்திரம்: "அம்மா கேப்பாங்க சார்."

அந்த அம்மா சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்குத் தாளோடு வருவார். சார் பேசாமல் சிவப்புப் பேனாவைத் திறக்கிறார்.