டம்ளரில் தெரியும் குடும்பம்

கேள்வி: ‘ஃபேமிலி கான்ஸ்டலேஷன்’ பயிற்சியால் நம்மை நாமே புரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். பாதிரியாராக இருந்து உளச்சிகிச்சைக்கு வந்த ஜெர்மானியர் பெர்ட் ஹெலிங்கர் (1925–2019) பரப்பிய முறை இது. முன்பின் தெரியாதவர்களை உங்கள் அப்பா, அம்மா, அண்ணனாக அறையில் நிறுத்துவீர்கள். அப்பாவாக நிற்பவரைச் சுவர் பார்க்கத் திருப்பியிருந்தால், திருப்பியது உங்கள் கைதான்; ஏன் திருப்பினீர்கள்? விஷயமே அங்கேதான் இருக்கிறது. நிற்பவர் ‘தோள் கனக்கிறது’ என்றால், அது முன்னோர் சுமை என்று உடனே கொள்ளுத்தாத்தா பாவத்தைத் தேடாதீர்கள்; நெடுநேரம் நின்ற அலுப்பாகவும் இருக்கலாம்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்க ஐந்தாறு டம்ளர் போதும். குடும்பத்தில் ஆளுக்கொன்றாக மேஜையில் வையுங்கள். உங்கள் டம்ளர் யாரை ஒட்டி நிற்கிறது? யாருக்கு டம்ளரே வைக்கவில்லை?

ஆறாத காயம் உள்ளவர்கள் தகுதியான உளவியல் நிபுணரோடு மட்டும் செய்யுங்கள். பயிற்சி நடத்துபவர் உங்களுக்குக் கொடுமை செய்தவர் காலில் விழச் சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.