காமிரா தேடும் கனவான்

சட்டைப்பையில் அடங்கும் ஒரு காமிராவை நிர்ணயம் செய்தாலொழிய ரயில் டிக்கெட்டைக் கையால் தொடுவதில்லை என்று விரதம் பூண்ட கனவான் ஒருவர் மாம்பலத்திலும் இருப்பார், மதுரையிலும் இருப்பார். உங்களுடைய பந்துமித்திரர்களுக்குள்ளேயே ஒருவர் இருக்கவும் கூடும். மாதச் சம்பளம், மத்திம வயது, எதையும் ஆராயாமல் வாங்கக்கூடாது என்ற வைராக்கியம் ஆகியவை அவருடைய பொது லட்சணங்கள். விசேஷ லட்சணம் ஒன்று உண்டு. "சௌக்கியமா?" என்று நீங்கள் கேட்டால், "சென்சார் விஷயம்தான் இன்னும் தீரவில்லை" என்று பதில் வரும்.

குடும்பத்தார் காசிக்குப் போய்க் கங்கா ஸ்நானம் செய்துவிட்டு, அப்படியே டார்ஜிலிங்கையும் பார்த்து வரலாம் என்று தீர்மானித்தபோது, அவர்கள் ஒரு யாத்திரையை மட்டுமே உத்தேசித்தார்கள்; நம்மவருக்கோ அது மூன்று காமிராக்களுக்கு உரிய வேலையாகக் காட்சியளித்தது. தசாசுவமேத கட்டத்தில் அந்தி சாய்ந்தபின் நடைபெறும் ஆரத்தியை, தீபச் சுடர் வழியாமலும் இருட்டு மணல் மணலாகப் பொரியாமலும் பிடிக்கவேண்டுமானால் சென்சார் பெரிதாக இருக்கவேண்டும். டைகர் ஹில்லில் விடியற்காலையில் நின்றுகொண்டு 8,586 மீட்டர் உயரமுள்ள காஞ்சன்ஜங்காவைக் கண்ணருகே இழுக்கவேண்டுமானால் ஜூம் நீளமாக இருக்கவேண்டும். இவ்விரண்டும் கூடிய பெட்டி சட்டைப்பைக்குள் புகவும் வேண்டும். இந்த மூன்று வரங்களையும் ஒருங்கே அருள ஒளி சாஸ்திரம் இதுவரை எவருக்கும் இசைந்ததில்லை. சென்சார் பெருக்கப் பெருக்க, அதே தூரத்துக் காட்சியை அதன்மேல் விழச்செய்யும் லென்ஸும் நீண்டு பருத்தாகவேண்டும்; லென்ஸ் பருத்தால் சட்டை தாங்காது.

ஆகவே நம்மவர் ஊசலாடுகிறார். கேனான் எஸ்எக்ஸ்740 என்ற பெட்டியில் ஜூம் 40 மடங்கு. ஆனால் சென்சாரின் பரப்பு 28 சதுர மில்லிமீட்டர்தான். ரிக்கோ ஜிஆர் 3-இல் சென்சார் அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல். ஆனால் ஜூம் என்பதே கிடையாது, மலை வேண்டுமானால் மலையை நோக்கி நடக்கவேண்டியதுதான். 2019-இல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்100 ஏழாவது மாடல் இரண்டுக்கும் மத்தியஸ்தமாக, 116 சதுர மில்லிமீட்டர் சென்சாரும் 24 முதல் 200 மில்லிமீட்டர் வரை எட்டும் லென்ஸுமாக விளங்குகிறது. அதன் விலையை விசாரித்தாலோ குடும்பத்தில் இருவரை ஊரிலேயே விட்டுச் செல்ல நேரும்.

சட்டைப்பையில் அடங்குமா என்ற கேள்விக்கு அவர் விடை கண்ட விதம் தனியே விவரிக்கத் தக்கது. ரிக்கோவின் எடை 257 கிராம் என்று அறிந்தவர், சமையலறைத் தராசில் துவரம்பருப்பை அதே அளவு நிறுத்து, உறையிலிட்டு, மூக்குக்கண்ணாடிக் கூடும் பேனாவும் மின்சார பில்லும் ஏற்கெனவே குடியிருந்த சட்டைப்பையில் அதையும் செருகிக்கொண்டு, பனகல் பூங்காவை வலம் வந்தார். மறுநாள் சோனிக்காகப் பருப்பை 302 கிராமாக உயர்த்தினார். அன்று செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவர், பருப்பு நழுவிவிடுமோ என்ற பயத்தில் இடது மார்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, உலாவ வந்த புண்ணியவான்கள் இருவர் ஓடிவந்து அவரைத் தாங்கி, பெஞ்சில் படுக்கவைத்து, சட்டைப் பொத்தான்களைத் தளர்த்தி, ஆம்புலன்சுக்குச் சொல்லியனுப்ப முற்பட்டுவிட்டார்கள். வீடு திரும்பியவரிடம் மனைவி அதிகம் பேசவில்லை. "ஏங்க, அந்தப் பருப்பை இங்கே வைத்துவிட்டுப் போங்கள், சாம்பாருக்கு வேண்டும்" என்றதோடு சரி.

காமிரா வெறுமனே படம் பிடித்தால் போதாது, 'ஸ்மார்ட்'டாகவும் இருக்கவேண்டும் என்பது அவருடைய மற்றொரு நிபந்தனை. 2012-இல் சாம்சங் நிறுவனம் ஆண்ட்ராய்டு பொருத்திய கேலக்ஸி காமிராவை வெளியிட்டபோது, வைஃபையும் 21 மடங்கு ஜூமும் கூடிய அந்தப் பெட்டியே தமக்காகப் பிறந்தது என்று உணர்ந்து அதை வாங்குவதென்று ஏறக்குறைய முடிவு கட்டினார். முடிவு முதிர்வதற்குள் அந்த ஜாதியே கடைகளிலிருந்து மறைந்துபோயிற்று. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் காமிராக்கள் உலகச் சந்தைக்குச் சென்றன. 2023-இல் அது 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை. இந்த வீழ்ச்சிக்குக் கைப்பேசியே காரணம் என்கிறார்கள். நம்மவரைப் போன்றோர் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டதும் ஓர் உபகாரணமாக இருக்கலாம் என்பது அடியேனுடைய அபிப்பிராயம்.

இடையில் டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 வந்து அவருடைய உறக்கத்தைக் கெடுத்தது. 179 கிராம் எடையுள்ள அந்தச் சிறு தண்டின் உச்சியில் உள்ள காமிரா, ஜமீன்தாரின் காரியஸ்தரைப் போல, எஜமானரின் முகம் திரும்பும் பக்கமெல்லாம் தன் தலையையும் திருப்பிக்கொண்டே இருப்பதைக் கடையில் கண்டு, தம் வீட்டில் கிடைக்காத மரியாதை இங்கே கிடைக்கிறதே என்று நெகிழ்ந்து நின்றார். ஆனால் அதற்கு லென்ஸால் இழுக்கும் ஜூம் இல்லை. காஞ்சன்ஜங்கா குறுக்கே வந்தது.

"சார், போன தடவையும் இதையேதான் சார் பார்த்தீங்க" என்றான் கடைப்பையன், சோனிப் பெட்டியை மூடியபடி.

"தம்பி, போன தடவை பார்த்தது பாட்டரிக்காக. ஒரு சார்ஜில் 260 படம் என்கிறார்களே, போதுமா என்று யோசிக்கிறேன்."

இவருடைய தகப்பனார் ஒரு ஆக்ஃபா கிளிக் 3-ஐத் தோளில் மாட்டிக்கொண்டு ராமேசுவரம் போய்வந்தவர். அதில் ஒரு ரோலுக்கு 12 படம். பன்னிரண்டில் ஒன்பது தேறின. அந்த ஒன்பதும் இன்றளவும் கூடத்துச் சுவரை அலங்கரிக்கின்றன.

உண்மையைச் சொல்லப்போனால், நம்மவர் காமிரா தேடுவது வேறொருவருக்காக. புலியையும் பனிமலையையும் பௌர்ணமி நிலவையும் வேட்டையாடப் புறப்படும் அந்த வீரர் இவருடைய மனத்திலே மட்டும் வாசம் செய்கிறார். இவருடைய பழைய படங்களைப் புரட்டினால், ஊர் எதுவாயினும், ஏதோ ஒரு கோபுரத்துக்கோ அருவிக்கோ முன்னால் உறவினர் வரிசையாக நிற்பார்கள். வரிசையின் கோடியில் நிற்கும் பெரிய அத்தை மட்டும் எப்போதும் பாதிதான் இருப்பார். ஒருநாள் மனைவியின் தம்பி இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "அத்தான், இதுக்கு ஜூம் எதுக்கு? நீங்க ரெண்டு அடி பின்னாடி போனாலே போதுமே" என்று கூறிவிட்டான். அவனுடைய கைப்பேசியிலேயே அகன்ற கோணத்துக்கென்று தனி லென்ஸ் இருக்கிறது; அத்தை முழுசாக விழுகிறார். அன்றுமுதல் அவனோடு பேச்சு கொஞ்சம் குறைவு.

ரயில்வே நிர்வாகம் 2024 நவம்பரிலிருந்து முன்பதிவுக் காலத்தை 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைத்தபோது தேசமே அங்கலாய்க்க, டிக்கெட்டைப் பற்றி முடிவெடுக்க இன்னும் இரண்டு மாதம் அவகாசம் கிடைத்ததே என்று மகிழ்ந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். சோனியில் எட்டாவது மாடல் வரட்டும் என்று இப்போது காத்திருக்கிறார்.

ஒருகால் இந்தக் கனவான் உங்களிடமும் வந்து அபிப்பிராயம் கேட்பாராயின், கடைசியாக அவர் வாயிலிருந்து எந்தப் பெயர் வந்ததோ அதையே திருப்பிச் சொல்லி, "இன்றைக்கே வாங்கிவிடுங்கள்" என்று அனுப்பிவையுங்கள். "எதற்கும் இன்னொன்றையும் பார்த்துவிடுங்களேன்" என்று மறந்தும் சொல்லிவிடாதீர்கள். அவர் வீட்டார் இன்னும் காசியைப் பார்க்கவில்லை.